பாணிக்கு ஒரு கால்

முடிவெட்டும் கடையில் காத்திருக்கிறவர்களே, இது சத்தியமாக நடந்த கதை. பாதியை நான் கொஞ்சம் இழுத்திருக்கிறேன். மீதிப் பாதி தானாக வீங்கியது.

போனில் ஆடுகிற விளையாட்டுகளைச் செய்யும் அலுவலகத்தில் ஓவியர் ஒருவர். பட்டப்பெயர் பனிமூட்டம். அவர் வரைந்த ஆட்கள் எல்லோரும் முழங்கால்வரை பனியில்தான் நடப்பார்கள். பாலைவனத்திலும் பனி, சமையலறையிலும் பனி.

"சின்ன போனு, தாங்காது. காலையும் வரைஞ்சா இஸ்திரிப்பெட்டியா கொதிக்கும்" என்பார். இன்னும் நோண்டினால், "அது என் பாணி."

அவர் மனைவியின் தம்பிதான் அங்கே புரோகிராம் எழுதுகிறவன். தன் நிழலையே சந்தேகப்படுகிற ஆள். ஒருநாள் யானை பலத்தோடு புதுப் போன் வந்தது.

"இது தாங்கும் அத்தான். பனியை எடுத்துடலாமா?"

"இப்பவா மாப்ளே? கழுத்து வலிக்குது."

மறுநாள் வயிறு. அதற்கடுத்த நாள் கண். வெள்ளிக்கிழமை முதலாளி பார்க்க வருகிறார். கால் வரையத் தெரியாதென்று தெரிந்தால் வேலை காலி.

வீட்டிலும் நிம்மதியில்லை. மனைவி சுவரில் மாட்டிய தன் படத்தையே முறைத்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னை வரைஞ்சீங்களே, ஏங்க மேஜைக்குப் பின்னாடி உக்கார வெச்சீங்க?"

"அழகு முகத்துலதானே இருக்கு."

"தம்பி வேற மாதிரி சொல்றான்."

வெள்ளிக்கிழமை முதலாளி போனைக் கையில் வாங்கியதும் மச்சான் பனியை அணைத்தான். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. முந்நூறு பேர் அந்தரத்தில் மிதந்து வந்தார்கள். முதலாளி அலறிய அலறலில் மூன்று தெரு தள்ளி ஒரு கடிகாரம் நின்றது.

"என்னய்யா இது?"

"அது... பாணிங்க."

"பாணிக்கு ஒரு காலாவது இருக்கும் சார்" என்றான் மச்சான். "காலை எடுத்தா வெறும் பனிதான்."

முதலாளி வியர்வையைத் துடைத்தார். "பனியும் வேணாம், காலும் வேணாம். பேய் விளையாட்டுன்னு போட்டுடலாம். அடுத்ததுக்கும் இவரே வரையட்டும்."

கதை முடிந்ததும், காத்திருந்தவர்களில் அச்சகத்தில் பிழை திருத்துகிற அண்ணன் துள்ளி எழுந்தார். "பாணிக்கு மூணு சுழி, பனிக்கு ரெண்டு சுழி! துணைக்காலை எடுத்தா பணிதான்யா வரும்!"

"அதான் பணி போகலையே!" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரர்.

"வரையத் தெரியாதவனுக்கு என்னய்யா பணி?"

"கால் வரைஞ்சிருந்தா முதலாளி பயந்திருப்பாரா?"

"அப்ப தெரியாததை மறைச்சுச் சம்பளம் வாங்குற திருட்டும் ஒரு பாணியா?"

"யாரைத் திருடன்கிற?"

நாற்காலி உருண்டது. கத்தரியோடு கடைக்காரரும் நடுவில் பாய்ந்தார். பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தவர், "என் தலைய முடிச்சிட்டுச் சண்டை போடுங்கப்பா!" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.