கூண்டுக்குள் இராயப்பு

மன்னாரைச் சேர்ந்த இராயப்பு, இத்தாலியின் பலேர்மோ நகரிலுள்ள பழைய நீதிமன்ற மண்டபமொன்றைப் பதினாறு வருடமாகத் துடைத்துவருகிறார். ஒருகாலத்தில் மாஃபியாக்காரர்களை இரும்புக் கூண்டுகளில் கூட்டமாக நிறுத்தி விசாரித்த மண்டபம் அது.

ஒருநாள் காலை, கூண்டொன்றின் உட்பக்கத்தைத் துடைக்க நுழைந்து கதவை இழுத்தார். பூட்டு தானாக விழுந்து அவர் உள்ளே அகப்பட்டுவிட்டார். சாவிக்காரர் கோப்பி குடிக்கப் போயிருந்தார். அந்நேரம் பார்த்து, அங்கே தீர்ப்பு வழங்கி ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சட்ட மாணவர்களோடு உள்ளே வந்தார்.

“சாவி வரும்வரை இவரை விசாரிப்போம்” என்று அவர் தமது பழைய ஆசனத்தில் ஏறி அமர்ந்தார்.

உடனே இராயப்புவின் கைப்பேசி அடித்தது. மனைவி கிளறா.

“எங்கை நிக்கிறியள்?”

“கூண்டுக்குள்ளை. விசாரணை நடக்குது.”

“என்னத்துக்கு? துவைச்ச உடுப்பைக் காயப்போடாமல் ஓடினதுக்கோ?”

“சாட்சி என்ன சொல்கிறார்?” என்றார் நீதிபதி, கைப்பேசியைக் காட்டி.

இராயப்பு பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு சொல் விடாமல் இத்தாலிய மொழியில் ஒப்பித்தார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீதிபதியின் முகம் மட்டும் மாறவில்லை.

“குற்றவாளி. ஒரு மாதம் உடுப்புக் காயப்போட வேண்டும்.”

அன்று பின்னேரம் சீசா பகுதியிலுள்ள தன் வீட்டில், ஈரச் சேலையோடு பல்கனியில் நின்றவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நகுலேஸ்வரன் சிரித்தார்.

“என்ன அண்ணை, மனுசியின்ரை ஓடரோ?”

“இல்லைத் தம்பி,” இராயப்பு நெஞ்சை நிமிர்த்தினார். “கோர்ட் ஓடர்.”