முதல் விதை போட்ட கை

எங்கள் ஊரில் விதைப்பு அன்று முதல் விதையைப் பெரியவர்கள் போடமாட்டார்கள். வீட்டில் கைராசி உள்ள பிள்ளை எதுவோ, அதன் கையால் போடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பா முதல்முறையாகப் பெரம்பலூர்க் கடையிலிருந்து பையில் அடைத்த மக்காச்சோள விதை வாங்கி வந்தார். செல்லியம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஏர் ஓட்டிய சாலில் மூன்று விதை போட்டேன். அந்த வருஷம் எங்கள் மானாவாரிக் கொல்லையைப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். செடியெல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒரே உயரம், கதிரெல்லாம் ஒரே பருமன். அத்தை என் விரல்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது ஆத்தா குடுத்த கைடி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கையால் தம்பிக்கு இரண்டு அடி கூடுதலாகவே விழுந்தது.

"இம்மாம் நல்ல கதிரு வூட்டுல இருக்க, கடைக்கு எதுக்குப் போவணும்?" என்றார் அப்பா. இருப்பதிலேயே பெரிய கதிர்களாகப் பார்த்து எடுத்து, தோகையோடு முடிந்து, அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டார். அவருடைய அப்பாவும் கம்பையும் சோளத்தையும் அப்படித்தான் விதைக்கு வைத்தார். இதில் என்ன தப்பு? மறு வருஷம் அந்த விதையை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, மறுபடியும் நானே போட்டேன்.

மழைக்குக் குறைவில்லை. ஆனால் கார்த்திகை மாதம் கொல்லையைப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு செடி அப்பா தலைக்கு மேல் நின்றது, அதற்குப் பக்கத்துச் செடி என் இடுப்புக்கு நின்றது. சிலதில் கதிரே இல்லை. வந்த கதிரும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

அப்பா இரண்டு கதிரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் பஸ்ஸில் ஏற்றி விதைக்கடைக்குப் போனார். "உங்க கடை வெதையில வெளைஞ்சததாங்க திருப்பிப் போட்டேன்" என்று கதிரை மேஜையில் வைத்தார்.

கடைக்காரர் சிரித்தார். "நான் குடுத்த வெதை நல்லா வந்துச்சுல்ல? அப்புறம் கடையக் கேட்டா எப்படிங்க? யாரு போட்டது?"

அப்பா என்னைக் காட்டினார்.

"அப்ப பாப்பா கையத்தான் கேக்கணும். இந்தத் தடவ புதுப் பை எடுத்துட்டுப் போங்க."

அவர் விளையாட்டுக்குச் சொன்னது வீட்டுக்கு வரும்போது தீர்ப்பாகிவிட்டது. "எதைத் தொட்டுட்டு வந்துடி வெதையத் தொட்ட?" என்று அத்தை கத்தினாள். எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. படையலுக்கு வைத்த வெல்லத்தில் ஒரு துண்டை, விதைக்கிற அன்று யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டிருந்தேன். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். அதோடு முடிந்தது. அம்மா ஒருத்திதான் எனக்காக வாயைத் திறந்தாள், அது எடுபடவில்லை.

அடுத்த வருஷம் தம்பி கையால் போட்டார்கள். புதுப் பை விதை. ஒரே உயரம், ஒரே பருமன். குற்றம் என் கையில்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும்போதுகூட நான் தள்ளி நின்றேன். ஆத்தா முன்னால் நின்று, ஒரு துண்டு வெல்லத்துக்கா இவ்வளவு என்று எத்தனை நாள் கேட்டிருப்பேன்! புகுந்த வீட்டுக் கொல்லையிலும் இதுநாள்வரை முதல் விதை நான் போட்டதில்லை.

போன விதைப்புக்கு என் வீட்டுக்காரர் வாங்கி வந்த பையை, பத்தாவது படிக்கும் என் மகள் திருப்பித் திருப்பிப் படித்தாள். "அம்மா, இதுல வெளையறத மறுபடி வெதையா வைக்கக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல பொடி எழுத்துல போட்டிருக்கு பாரு."

"ஏன்டி?"

"ரெண்டு ரகத்தச் சேத்து உண்டாக்குனதும்மா. மொதத் தலைமுறை ஒரே மாதிரி வரும். அதோட புள்ளைங்க அப்பாயி சாடை, அம்மாயி சாடைன்னு பிரிஞ்சிடும். எங்க பாடத்துலயே பட்டாணிச் செடிய வச்சு இருக்கு."

கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஒவ்வோர் உயிருக்கும் வேறு சாயல் வைத்தவள் ஆத்தா. மனிதன் இரண்டைச் சேர்த்து ஒரு தலைமுறைக்கு மட்டும் ஒரே அச்சில் வார்க்கக் கற்றுக்கொண்டான். கெட்டிக்காரத்தனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதை விற்பவர், எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிற எங்கள் அப்பாவிடம், "இத வெதைக்கு வைக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா? தெரிந்தவர் சிரித்தார். தெரியாத நாங்கள் சாமி குற்றம் என்றோம். நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளையின் கை அகப்பட்டது. நினைக்க நினைக்க இன்றும் எனக்கு ஆறவில்லை.

அம்மா அன்று சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அத்தை கத்திக்கொண்டிருக்கும்போது, அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. இவ அவங்க அப்பாவாட்டம் நெட்டை, இவன் எங்க அப்பாவாட்டம் குட்டை. புள்ளைங்களே இப்படின்னா, சோளம் மட்டும் ஒரே அச்சா வரணுமா?"

அத்தை சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். பள்ளிக்கூடத்தையே பார்க்காத அம்மா, என்னைக் காப்பாற்ற வாய்க்கு வந்ததை உளறுகிறாள் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.