டெய்லரக்காவின் வலது கால்

தடக்... தடக்... தடதடதட!

உள்ளறையிலிருந்து வந்த சத்தத்தில், உதட்டுக்குப் போன டீக் கோப்பை டெய்லரக்கா கணவரின் கையிலேயே நின்றுவிட்டது. எதிரே இருந்தவர் பழைய தையல் மெஷினை விலைபேச வந்தவர்.

"யாருங்க அது, ஓட்டிப் பார்க்கறது?"

அந்த வீட்டில் மெஷின் ஓட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். தெருவுக்கே டெய்லரக்கா. அவள் வலது கால் மிதிகட்டையை அழுத்தி மூன்று மாதமாகிறது.

குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டே ஊர்க்கதை அளப்பவள் அவள். சொத்தைப் பல் வீங்கியபோதும் கிராம்பை அடக்கிக்கொண்டு தைத்தாள். திடீரென்று ஒருநாள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் வலி. கால் மரத்துப்போனது. மூளையில் சீழ்க்கட்டி என்றார் டாக்டர். எல்லோர் வாயிலும் பரம சாதுவாகக் குடியிருக்கும் கிருமிதானாம். எப்போதோ அபூர்வமாக, சொத்தைப் பல் வழியே ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறிவிடுமாம்.

"இவ வாய்க்கும் மூளைக்கும் வழியே கிடையாதுன்னுல்ல நெனச்சிருந்தேன்!" என்று கணவர் கதறியபோது, நர்ஸம்மா சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டியை எடுத்தார்கள். உயிர் திரும்பியது, கால் திரும்பவில்லை. கிள்ளினாலும் தெரியாத அந்தக் காலைப் பார்த்து அழுது தீர்த்தவள், கடைசியில் தானே சொன்னாள்: "வித்துடுங்க. மெஷினைப் பார்த்தா வயிறு எரியுது."

இப்போது இருவரும் உள்ளே ஓடினார்கள்.

கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் பல். டெய்லரக்கா, கைக்கு அகப்பட்ட ஜன்னல் திரையைத் தலையணை உறையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். திரை இன்னும் கம்பியில்தான் தொங்கியது!

"ஓடுமான்னு கேட்டாருல்ல... காட்டலாம்னு கையால சக்கரத்தைச் சுத்தினேன். காலு தானா அமுக்குதுங்க!"

"நிறுத்துடி, திரை கிழியுது!"

"நிறுத்தத்தாங்க வரமாட்டேங்குது!"

கணவர் தரையில் விழுந்து அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ விடுங்க, கூசுது!"

"கூசுதா? நெஜமாவா? எங்க, இங்கயா?"

"யோவ், வந்தவர் பார்க்கறாரு!"

வந்தவர் தொண்டையைச் செருமினார். "அப்ப மெஷின்?"

"தலையணை உறை வேணும்னா எடுத்துக்குங்க அண்ணே," என்றாள் டெய்லரக்கா, மூச்சு வாங்க. "ஜன்னலும் கூடவே வரும்."

அந்த மனிதருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருங்கம்மா," என்று செருப்பை மாட்டினார்.

வழியனுப்பக்கூட யாரும் எழவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போங்கண்ணே!" என்று கணவரின் குரல் மட்டும் தரையிலிருந்து வந்தது.

அவர் சாத்திவிட்டுப் போனார்.