கம்பில் வைத்த சந்தனம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் பெருக்கித் துடைத்து, டீ போட்டுக் கொடுத்தேன். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். நாலு ஆம்பளைகள் நின்று பேசினால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறவள். அந்தக் கம்பெனியில் என்னிடம் நின்று இரண்டு வார்த்தை பேசியவர் ஒருத்தர்தான், எலக்ட்ரீஷியன். என்னைவிடப் பத்து வயசு சின்னவர், என்னை மாதிரியே காண்ட்ராக்ட் ஆள். தீபாவளி கழிந்ததும் நிரந்தரமாக்கப் போகிறவர்கள் பட்டியலில் அவர் பேர் இருந்தது. அந்த வேலை அவருக்கு இல்லாமல் போனது என்னால். இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

பதினோராயிரம் வோல்ட் வந்து இறங்கும் கரண்ட் ரூம் அவர் பொறுப்பு. தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். "கோட்டுக்கு இந்தாண்ட மட்டும் பெருக்குக்கா, அந்தாண்ட தூசு கீதுன்னா கெடக்கட்டும்" என்பார். கதவுக்கு உள்பக்கம், ஆணியில் ஒரு நீளமான கான்வாஸ் பை தொங்கும். அதற்குள் ஆளைவிட உயரமான ஒரு கம்பு. நுனியில் டார்ச் லைட் தலை மாதிரி ஒன்று இருக்கும். கரண்ட் இருக்கிற லைனில் காட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து கத்தும்.

எந்த வேலையானாலும் முதலில் கம்பை மேலிருந்து கீழ் வரை காய்ந்த துணியால் துடைப்பார். முழங்கை வரைக்கும் கையுறை போட்டுக்கொள்வார். கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த லைனில் முதலில் காட்டுவார். கத்தும். அடுத்து, நிறுத்திவிட்ட லைனில் காட்டுவார். சத்தம் இருக்காது. அதோடு விடாமல் திரும்பவும் முதல் லைனுக்கே கொண்டுபோவார். மறுபடி கத்தினால்தான் அடுத்த வேலை.

"அதான் பாத்தாச்சே தம்பி, மறுபடியும் எதுக்கு?" என்று ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"சும்மா கீதுன்னா கரண்ட் இல்லியா, இல்ல நடுவுல இதுவே செத்துப்பூடுச்சா? எப்டி தெரியும்? அதான் மறுக்கா கேட்டுக்கறது." பிறகு சிரித்தார். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கசொல்லகூட நான் இத்தினி வாட்டி பாக்கலக்கா."

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், எல்லா மெஷினையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை எனக்கு. அவர் கரண்ட் ரூமைத் திறந்துவிட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டப் போய்விட்டார். நான் பெருக்கி முடித்தேன். கதவுக்கு வைத்தேன், சுவருக்கு வைத்தேன். பை கண்ணில் பட்டது. உடைந்த ஸ்டூலுக்குக்கூடப் பொட்டு வைத்தாயிற்று, அவர் உயிரைக் காப்பாற்றுகிற பொருளுக்கு வைக்காமல் விடுவதா என்று தோன்றியது. கம்பை வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். குழைத்த சந்தனத்தில் மூன்று விரலைத் தோய்த்து, அடியிலிருந்து நுனி வரைக்கும் அங்கங்கே மும்மூன்று கோடாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் குங்குமம் வைத்தேன். ஈரத்தோடு பையில் போட்டு மாட்டிவிட்டேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

மறுநாள் லீவு. அன்றைக்குத்தான் கரண்டை நிறுத்தி டிரான்ஸ்பார்மர் வேலை பார்ப்பார்கள். வெளியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். டீ போட என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் பொரித் தட்டோடு கதவருகே நிற்கும்போது அவர் பையைத் திறந்தார். சந்தன வாசனை வந்தது. கம்பை விரலால் தடவிப் பார்த்து, "இது இன்னிக்கி ஆவாது சார்" என்றார்.

"தொடச்சிட்டுப் பண்ணுய்யா" என்றார் மேனேஜர்.

"உள்ள ஈரம் போயிருந்தா கரண்ட்டு கம்பு வழியா கைக்கு எறங்கும் சார். நுனியில மெஷின் வேற நனைஞ்சிகீது. கத்தலன்னா எத நம்பறது?"

லீவு நாளில் வேறு கம்பு கிடைக்கவில்லை. வெளி ஆட்கள் மதியம் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மேனேஜர் முகம் சிவந்துவிட்டது.

"எவன்யா இதுல சந்தனம் வெச்சது?"

அவர் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் தட்டிலிருந்த பொரியைக் குனிந்து பார்த்தேன்.

"ரூம் சாவி என்னாண்டதான் சார் கீது. என் தப்புதான்" என்றார்.

கூச்சத்தால் பேசவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான். என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

லீவு முடிந்த இரண்டாம் நாள், பட்டியலில் அவர் பேரை அடித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு மேனேஜர் ரூம் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, "நாலு டீம்மா, ஒண்ணு சக்கரை இல்லாம" என்றார்.

"சரிங்க சார்" என்றேன். டீ கொண்டுவந்து வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாசக் கடைசியில் அவர் போய்விட்டார். சொல்லிக்கொள்ள வந்தபோது நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒளிந்துகொண்டேன்.

போன மாசம் மகள் வீட்டுக்குப் போகப் பூந்தமல்லியில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டிலிருந்து, "இன்னாக்கா, நல்லா கீறியா?" என்று குரல் வந்தது. அவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நசரத்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் டிரான்ஸ்பார்மரும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொள்கிறாராம்.

"அங்க கம்பு வெச்சிருக்காங்களா தம்பி?"

"கம்பாவது ஒன்னாவது. லைன் ஆஃப் பண்ணியாச்சுன்னு எவனாச்சும் போன்ல சொல்வான். நம்பிகினு கைய வைக்கறதுதான்."

குனிந்துகொண்டே சொன்னேன். "அன்னிக்கு சந்தனம் வெச்சது நான்தாம்பா."

"தெரியுங்க்கா. அவ்ளோ நேரா மூணு கோடு அந்தக் கம்பெனில வேற யார் போடுவா?" சிரித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீயே போய் சொல்லுவேன்னு ரெண்டு நாள் பாத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

"போனேன்பா. டீ கேட்டாங்க" என்றேன்.

அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. அவர் ஸ்டாப் வந்துவிட்டது. "வரேங்க்கா, ஒடம்ப பாத்துக்க" என்று எழுந்தார். மேல் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படி வரைக்கும் போனார். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் முழுசாக இருந்தன. அவர் இறங்கும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.