சாமிக்கண்ணு கேட்ட நெகட்டிவ்

தனக்கோடி நாலாங்கிளாஸைத் தாண்டாதவர். ஆனாலும் விருத்தாசலத்தில் கேமரா பிடித்தவர்களில் அவருக்கு ஈடாக ஆள் உண்டா என்று கேட்டால், இல்லை என்று அவரே சொல்லிவிடுவார். ஒரு ஸ்டுடியோவில் மேசை துடைக்க வந்து, பிறகு சொந்தமாகவே ஒன்று வைத்த கை அது. வாசல் பலகையில் 'இங்கு பிலிம் மட்டுமே' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். டிஜிட்டலில் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் இருக்கும், பிலிமில்தான் ரத்தம் ஓடுவது தெரியும் என்பது அவர் கட்சி.

பீங்கான் பொம்மை யூனிட் நடத்தும் சாமிக்கண்ணு, பெரிய மகள் கல்யாணத்துக்கு அவரைத் தேடி வந்ததே இதற்காகத்தான். சாமிக்கண்ணுவின் தம்பி கல்யாணத்தை டிஜிட்டலில் எடுத்ததில், முகமெல்லாம் நீலம் பூத்துப் போயிருந்தது.

"பழமலைநாதர் மேல ஆணையா பிலிமுதாங்க" என்று கையடித்துக் கொடுத்தார் தனக்கோடி.

மணவறையில் பிலிம் கேமராவின் ஷட்டர் சிக்கிக்கொண்டது. முகூர்த்தம் காத்திருக்குமா? தனக்கோடியின் துபாய் மருமகன் விட்டுப்போன டிஜிட்டல் கேமரா பையில் கிடந்தது. பின்பக்கத் திரையைத் தோள்துண்டால் மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் அதிலேயே எடுத்து முடித்தார்.

ஆல்பத்தைப் பார்த்த சாமிக்கண்ணு பூரித்துப்போனார். "அரக்குச் சேலை அரக்காவே இருக்குது பாருங்க. இதாங்க பிலிமு" என்று எதிர்க்கடை டிஜிட்டல்காரன் தமிழ்ச்செல்வன் காதுபடச் சொன்னார். பிறகு கேட்டார்: "நெகட்டிவ் எப்பங்க தரீங்க? பீரோல வெக்கணும்."

ஊரில் எல்லார் வீட்டு பீரோவிலும் பட்டுச்சேலைக்கு அடியில் கல்யாண நெகட்டிவ் இருக்கும். டிஜிட்டலில் எடுத்ததற்கு நெகட்டிவ் ஏது, தனக்கோடி எங்கே போவார்? கடைக் கதவைச் சாத்தினார். ஆல்பத்துக்குப் போட்ட படங்களையே இன்னொரு பிரதி போட்டுப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்து பிலிமில் எடுத்தார். மனைவி தங்கம்மாள் விளக்கைப் பிடித்தாள்.

"ஏங்க, போட்டோவையே போட்டோ புடிக்கிறீங்களே?"

"லைட்ட ஆட்டாம புடி."

"நான் ஆட்டல. போட்டோ கண்ண மூடிடப் போவுது, பாத்து."

நெகட்டிவ் உறையைக் கொடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஆடி கழிந்ததும் சாமிக்கண்ணு வந்தார். கூடத்தில் மாட்டுவதற்காக, அந்த நெகட்டிவைச் சென்னையில் கொடுத்துப் பெரிதாக்கியிருந்தார். மேசைமேல் விரித்தார். அரக்குச் சேலை கறுத்து, சரிகை வெளுத்து, பெண்ணின் முகம் மெருகேற்றாத பொம்மை போல இருந்தது.

"சூளையில வெச்சா நிறம் மாறும், சரி. பெருசாக்கினாலும் மாறுமா? பிலிமு இவ்ளோதானா, இல்ல வேற எதுனா கோளாறாங்க?"

பிலிம் மேல் ஒரு குற்றமும் இல்லை, அது நகலுக்கு நகல். அதைச் சொன்னால் பிலிமின் பேர் நிற்கும். ஆணையிட்டவர் பேர் போய்விடும். எதிர்க்கடையிலிருந்து தமிழ்ச்செல்வன் எட்டிப் பார்த்தான்.

"பெருசாக்கினா பிலிமு அவ்ளோதாங்க" என்றார் தனக்கோடி.

சாமிக்கண்ணு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தொழில்ல இருந்துக்கிட்டு உள்ளத சொல்ல யாருக்கு மனசு வரும்? சின்னவளுக்கு டிஜிட்டல்லயே எடுத்துடலாங்க. உங்களுக்கு அது வருமா?"

வருமா என்றா கேட்கிறார்? தனக்கோடி டிஜிட்டலில் எடுத்த ஆல்பமே சாமிக்கண்ணுவின் கக்கத்தில்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்களே."

"அப்ப எதுர்க்கடைல சொல்லிக்கறன். இந்த ஆல்பத்தக் காட்டி, இதே நிறம் வரணும்னு கேட்டுக்கறன்."

சாமிக்கண்ணு ஆல்பத்தோடு தெருவைத் தாண்டினார். தங்கம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "என்னா சொல்லிட்டுப் போறாரு?"

"உள்ளத சொல்றவனாம் நான்" என்ற தனக்கோடி, நாற்காலியை வாசலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.