விருத்தாசலத்தில் எகிறிய கோடு

2007, பிப்ரவரி. காலை ஏழு மணிக்கு வேப்பூரில் இறங்கி, மூன்று ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினேன். மடியில் இருந்த பைக்குள் சென்னைக் கல்லூரியில் இரவல் வாங்கிய கருவி. விரல்களில் மாட்ட இரண்டு உலோக வில்லைகள், இடுப்பில் செருக ஒரு சின்னப் பெட்டி. விரல் வியர்வையையும் நாடியையும் வைத்து, மனசு எப்போது பதறுகிறது என்பதைப் பதிந்துகொள்ளும். நகரத்துச் சந்தடி மனிதரை எவ்வளவு வாட்டுகிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. ஹாரன்தான் குற்றவாளி என்று பஸ்ஸிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

8.15, பஸ் ஸ்டாண்ட். பீங்கான் பட்டறை முதலாளி ஏற்பாடு செய்திருந்த அஞ்சலை காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கோப்பைகளுக்குக் காது, அதாவது கைப்பிடி, ஒட்டும் வேலை.

"ஷாக்கு கீக்கு அடிக்காதுங்களே மேடம்?"

"அடிக்காதுக்கா. நீங்க பாட்டுக்கு நடங்க."

பட்டறைக்கு இருபத்தைந்து நிமிட நடை. நான் நோட்டும் பேனாவுமாக இரண்டடி பின்னால் போனேன். ரயில்வே கேட்டில் ஒரு லாரி காது கிழிய முழங்கியது. அங்கே காதைப் பொத்திக்கொண்டு, அடுத்திருந்த அமைதியான சந்தில் நின்று அதை நேரத்தோடு எழுதினேன். நான் எழுதும்போதெல்லாம் அஞ்சலை திரும்பிப் பார்த்தார். பட்டறை வாசலில் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

மாலை ஐந்து மணி, லாட்ஜ். கருவி பதிந்ததை லேப்டாப்பில் கோடாக வரைந்து பார்த்தால், லாரி முழங்கிய இடத்தில் கோடு அசையவே இல்லை. ஆளரவமற்ற சந்தில் எகிறியிருந்தது. எரிச்சலில் கருவியைத் திட்டினேன். பிறகு நோட்டோடு ஒத்துப்பார்த்தேன். எகிறிய நிமிடங்கள் எல்லாம் நான் எழுதிய நிமிடங்கள். ஏன் என்றுதான் புரியவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரை. பட்டறைக்குள் ஒருவர், வெந்து வந்த கோப்பைகளை மூங்கில் குச்சியால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்றால் அடுத்தது. மந்தமாகக் கேட்டால் விரிசல். காது ஒட்டியவர் பெயருக்கு நேரே நோட்டில் ஒரு கோடு. அவர் பேனாவை எடுத்ததும் பெண்களின் கைகள் அப்படியே நின்றன. எனக்குச் சுருக்கென்றது.

சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலையிடம் கேட்டேன்.

"இந்த வாரம் எம்பேருக்கு நெறைய கோடுங்க. இன்னும் ரெண்டு வுழுந்தா மண்ணு சொமக்கற வேலைக்கு மாத்திடுவாங்க. எனக்கு இடுப்பு தாங்காது. நீங்க மொதலாளி சொல்லி வந்தவங்க. ரோட்டுல கூட எழுதுறீங்களேன்னு பயந்துட்டேன்."

வெட்கமாகப் போய்விட்டது. நோட்டை அவரிடமே கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். "கேட்டு, லாரி, ஆரன்... எம்பேரே இல்லியே!"

மூன்றாம் நாள் நோட்டை லாட்ஜிலேயே விட்டுவிட்டேன். அஞ்சலை கருவியை மாட்டிக்கொண்டு, சேத்தியாத்தோப்பில் இருக்கும் தன் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். லாரி முழங்கியபோதும் பேச்சு நிற்கவில்லை. பட்டறை வாசலில் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"மிஷினு என்ன சொல்லுதுங்க?"

"ஹாரனுக்கு நீங்க பயப்படலையாம். என் நோட்டுக்குத்தான் பயந்தீங்களாம்."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அதுக்கு மிஷினு எதுக்குங்க? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே!"

விடைபெறும்போது உள்ளே குச்சி தட்டும் சத்தம் கேட்டது. கணீர், கணீர், பிறகு மந்தமாக ஒன்று. அஞ்சலையின் சிரிப்பு பாதியில் நின்றது. "போயிட்டு வாங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். கருவி என் பைக்குள் இருந்தது. கோடு எங்கே எகிறியது என்று பார்க்க அது எனக்குத் தேவைப்படவில்லை.