கடைசி ஆள் இறங்கும்வரை

புதுச்சேரித் துறைமுகத்துக்கு வந்திருந்த பழங்காலப் பாய்மரக் கப்பலைப் பார்க்க வரிசையில் நின்றோம். மாலுமிகள் பாய்மரத்தின் உச்சிவரை ஏறி நின்றதும் கூட்டம் கைதட்டியது. பாகூர் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வந்த ஒரு வயதான அம்மா மட்டும் தட்டவில்லை. கரும்புத்தோகை கிழித்த தழும்புக் கையால் முந்தானையை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ளைங்க இடுப்புல பெல்ட்டு கீதாப்பா?"

"இருக்கும்மா."

"இருந்தா பத்தாது. கயித்துல மாட்டிக்கீறாங்களா பாரு. டவருக்குப் பெயின்ட் அடிக்கப் போன எம்புள்ளைக்கும் பெல்ட்டு இருந்துது. மாட்டல."

செல்போனில் பெரிதாக்கினேன். படம் புள்ளிகளாகக் கலைந்தது.

"தெரியலம்மா."

கடைசி ஆள் இறங்கும்வரை அவர் முந்தானையை விடவில்லை. பிறகு வரிசையிலிருந்து விலகி நடந்தார்.

"கப்பலைப் பாக்கலயாம்மா?"

"எல்லாரும் எறங்கிட்டாங்களேப்பா. இன்னும் இன்னா பாக்கறது?"